புங்கமா, பாசியா; எக்ஸ்பெல்லரா, சால்வென்டா: எரிபொருள் எண்ணெய் எடுக்க எது யாருக்குப் பொருந்தும்?

ஏரிக்கரைப் புங்க மரங்களின் அடியில் காய் கொட்டிக் கிடக்கிறது. சற்றுத் தள்ளி, கழிவுநீர்க் குட்டையில் பச்சைப் பாசி படர்ந்திருக்கிறது. இரண்டிலும் எண்ணெய் இருக்கிறது, இரண்டையும் பயோடீசல் ஆக்கலாம். உழவர் குழுக்களும், பழைய எண்ணெய் மில்லைச் சும்மா வைத்திருப்பவர்களும், திட்டப்பணிக்குப் பணம் ஒதுக்கிய கல்லூரிகளும் எதில் இறங்குவது என்று இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பலர் "எதில் எண்ணெய் சதவீதம் அதிகம்?" என்ற கேள்வியிலேயே நின்றுவிடுவது வழக்கம். அந்தச் சதவீதத்தை வைத்து மட்டும் எடுத்த முடிவு பெரும்பாலும் கையைச் சுடும். எண்ணெய் எடுக்கும் தொழிலில் செலவு வைப்பது எண்ணெய் அல்ல. அதோடு சேர்ந்து வரும் தண்ணீர், ஓடு, புளிப்பு, சக்கை இவைதான் செலவு.

எதை வைத்து எடை போடுவது

ஐந்து அளவுகோல்கள் போதும்.

ஒன்று, 1 கிலோ எண்ணெய்க்கு எத்தனை கிலோ பொருளைத் தூக்கி, உலர்த்தி, சூடாக்க வேண்டும்.

இரண்டு, வரும் எண்ணெயில் தனிக் கொழுப்பு அமிலம் எவ்வளவு. மில்காரர்கள் இதை எஃப்.எஃப்.ஏ. என்பார்கள், இந்தக் கட்டுரையில் 'புளிப்பு' என்றே சொல்வோம்.

மூன்று, மிஞ்சும் சக்கையை யார் வாங்குவார்கள். எண்ணெயை விடச் சக்கைதான் கூடுதல் எடை என்பதை மறக்கக் கூடாது.

நான்கு, நாளுக்கு எத்தனை டன், ஆண்டில் எத்தனை மாதம் ஓட்ட முடியும். புங்கம் கோடையை ஒட்டிய சில மாதங்களில் மட்டும் வரும். மீதி மாதங்களில் இயந்திரம் சும்மா நின்றாலும் கடனுக்கு வட்டி ஓடும்.

ஐந்து, உரிமமும் தீ ஆபத்தும்.

விதைகளில் எது

எடுக்கும் முறைக்குப் போகும் முன் விதைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சதவீதங்கள் எல்லாம் தோராயம். மரத்துக்கு மரம், ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

| விதை | எண்ணெய் | சக்கை | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|
| புங்கம் | பருப்பில் 30–35% | நல்ல உரம், தழைச்சத்து சுமார் 4% | காய் எடையில் ஏறக்குறைய பாதி ஓடு |
| காட்டாமணக்கு | விதையில் 30–35% | நச்சு. உரம் மட்டும் | ஃபோர்பால் எஸ்டர், கர்சின் என்ற நச்சுகள் |
| இலுப்பை | பருப்பில் 35–50% | சபோனின் என்ற நுரைக்கும் பொருள் உள்ளது | புளிப்பு 20% வரை. குளிரில் உறையும் |
| வேம்பு | பருப்பில் 40–45% | உரச் சந்தை உறுதி | எரிக்காமல் விற்றால்தான் லாபம் |
| புன்னை | பருப்பில் 60–70% | சந்தை குறைவு | பிசின், அதிகப் புளிப்பு |
| ரப்பர் | பருப்பில் 40–45% | சயனைடு தரும் பொருள் உண்டு | ஈரத்தில் சீக்கிரம் கெடும் |

வேப்பெண்ணெயை எரிபொருளாக்குவது வீண். பூச்சி விரட்டிக்கும் யூரியா பூச்சுக்கும் அதற்கு நிரந்தரக் கிராக்கி உண்டு. உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று 2015-ல் மத்திய அரசு ஆணையிட்டது. அதன் பிறகும் வேப்பெண்ணெயை டீசல் விலைக்குக் கொடுப்பவர் கணக்குத் தெரியாதவர்.

புன்னையின் 70 சதவீதம் கண்ணைப் பறிக்கும். அந்த எண்ணெயில் பிசின் கலந்திருக்கும், புளிப்பும் அதிகம். பிசினை நீக்கிப் புளிப்பைக் குறைத்த பிறகு மிஞ்சுவதை அளந்து பார்த்தால் புங்கத்தை விடப் பெரிதாக முந்தியிருக்காது. இலுப்பை எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், மார்கழிக் காலையில் பீப்பாயில் வெண்ணெய் போல உறைந்து நிற்கும். அதிலிருந்து செய்த பயோடீசலும் குளிரில் சீக்கிரம் கலங்கிவிடும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ஓடும் வண்டிக்கு ஆகாது. ரப்பர் விதை கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் பொருந்தும், அதுவும் உதிர்ந்த சில நாட்களில் பொறுக்கி உலர்த்த ஆள் கிடைத்தால்.

காட்டாமணக்கு தனிக்கதை. 2003-ல் திட்டக்குழு பெரிய அளவில் நடச் சொல்லிப் பரிந்துரைத்தது. 2011–12-க்குள் டீசலில் 20% கலப்போம் என்ற இலக்கு வரை பேச்சு போனது. தரிசிலும் வளரும் என்று சொன்னது பொய்யல்ல. வளரும், ஆனால் தண்ணீரும் உரமும் இல்லாமல் காய்க்காது. தமிழ்நாட்டிலும் ஒப்பந்த முறையில் நட்டவர்கள் பலர் சில ஆண்டுகளில் பிடுங்கிப் போட்டார்கள். 2018 தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2030-க்குள் டீசலில் 5% பயோடீசல் என்று இலக்கைக் குறைத்துக்கொண்டது. வேலியில் ஏற்கெனவே நிற்கும் காட்டாமணக்கின் விதையைப் பயன்படுத்தலாம். எரிபொருளுக்கென்று புதிதாக நடுவதற்கு நியாயம் எதுவும் தெரியவில்லை.

ஆக, தமிழ்நாட்டுச் சமவெளியில் விதை என்று பேசினால் முதல் தேர்வு புங்கம். மரம் ஏற்கெனவே சாலையோரத்திலும் ஏரிக்கரையிலும் நிற்கிறது, ஆடு மாடு அதைப் பெரிதாக மேயாது, வறட்சி தாங்கும். கர்நாடகத்தில் இதை ஹொங்கே என்பார்கள். 2000-களின் தொடக்கத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த உடுப்பி சீனிவாசா குழுவினர் இந்த எண்ணெயை நேரடியாக ஜெனரேட்டரில் ஊற்றிக் கிராமத்துக்குத் தண்ணீர் இறைத்துக் காட்டினார்கள்.

கீழே வரும் கணக்குகளுக்கு ஒரே அடிப்படை: 1,000 கிலோ உலர்ந்த புங்கப் பருப்பு, அதில் 32% எண்ணெய். அதாவது 320 கிலோ எண்ணெய், 680 கிலோ சக்கைப் பொருள். சக்கையில் எத்தனை சதவீதம் எண்ணெய் தங்குகிறது என்பதை வைத்து ஒவ்வொரு முறையும் எவ்வளவு தரும் என்று சொல்லிவிடலாம். 680-ஐ (1 − தங்கும் பங்கு) என்பதால் வகுத்தால் புண்ணாக்கின் எடை கிடைக்கும். 1,000-லிருந்து அதைக் கழித்தால் மீதி எண்ணெய்.

மரச்செக்கும் ரோட்டரியும் (மோட்டாரில் ஓடும் செக்கு)

புண்ணாக்கில் 13% எண்ணெய் தங்குகிறது என்று கொண்டால் புண்ணாக்கு 782 கிலோ, எண்ணெய் 218 கிலோ. நூறு கிலோவுக்கு மேல் எண்ணெய் சக்கையோடு போய்விடுகிறது. சூடாகாமல் ஆட்டுவதுதான் செக்கின் பெருமை. சமையல் எண்ணெயில் அதற்கு விலை உண்டு, டீசல் எஞ்சினுக்கு அந்தக் குளிர்ச்சி தேவையில்லை.

செக்கில் ஆட்டுவது ஒரே ஒரு நிலையில் சரி: ஊரில் செக்கு ஏற்கெனவே இருக்கிறது, விதை பருவத்துக்குச் சில நூறு கிலோதான் வரும், எண்ணெயில் ஒரு பகுதி விளக்குக்கும் மருந்துக்கும் விற்கும். ஒரு எச்சரிக்கை. கடலை, எள் ஆட்டும் செக்கில் புங்கத்தைப் போடவே கூடாது. புங்கத்தில் உள்ள கரஞ்சின் என்ற பொருளின் கசப்பு மரத்தில் ஊறிவிடும். காட்டாமணக்கைப் போட்டால் கசப்போடு நிற்காது, நஞ்சாகும்.

எக்ஸ்பெல்லர்

திருகு வைத்து அழுத்திப் பிழியும் இயந்திரம் இது. புண்ணாக்கில் 8% எண்ணெய் தங்கும் என்றால் புண்ணாக்கு 739 கிலோ, எண்ணெய் 261 கிலோ. அதாவது 280 லிட்டர் சொச்சம். இரண்டாம் முறை ஓட்டி 6% ஆக்கினால் 277 கிலோ. இரண்டாம் ஓட்டம் தரும் அந்த 16 கிலோவுக்காக மின்சாரமும் வார்ம் (திருகு) தேய்மானமும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். சிறிய மில்லுக்கு ஒரே ஓட்டம் போதும். நடைமுறையில் டன்னுக்கு 50 முதல் 80 யூனிட் மின்சாரம் ஆகும்.

இயந்திரம் எளிமையானது: இரும்புப் பட்டைகளால் ஆன உருளைக் கூண்டு, அதற்குள் படிப்படியாக இறுகும் திருகு, கடைசியில் புண்ணாக்கு வெளியேறும் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் கோன். பட்டைகளின் இடுக்கில் எண்ணெய் வடியும். எளிமை இயந்திரத்தோடு சரி, ஓட்டத்தின் வெற்றி முழுக்க விதையின் ஈரத்தில் இருக்கிறது. 6–8% ஈரம் வேண்டும். நன்கு காய்ந்த புங்கப் பருப்பைப் பல்லால் கடித்தால் நொறுங்க வேண்டும், நசுங்கக் கூடாது. ஓட்டும் முன் 80 டிகிரி அளவில் சூடேற்றினால் எண்ணெய் இளகி நன்றாக வரும்.

என்ன தவறும், ஏன் என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

புண்ணாக்கு தகடாக வராமல் தூளாகக் கொட்டி, இயந்திரம் கிறீச்சிட்டால் விதை அதிகம் காய்ந்துவிட்டது. லேசாகத் தண்ணீர் தெளித்து, மூடி வைத்து, மறுநாள் ஓட்ட வேண்டும்.

புண்ணாக்கு களி போல வந்து, எண்ணெய் சேறாக இருந்தால் ஈரம் அதிகம். அல்லது பருப்பில் நார் போதவில்லை. தோலெல்லாம் நீக்கிய காட்டாமணக்குப் பருப்பை மட்டும் போட்டால் இதுதான் நடக்கும். திருகுக்குப் பிடிமானம் கிடைக்காமல் பருப்பு உள்ளேயே சுழலும். ஓட்டில் ஒரு பகுதியை விட்டுவைத்தால் சரியாகும். புங்கப் பருப்பும் மென்மையானதுதான். சுத்தமாகப் புடைத்த விதை வழுக்கினால் உடைந்த ஓட்டில் கொஞ்சம் கலந்து பாருங்கள்.

ஈரமும் சரி, விதையும் முன்பு போட்ட அதே தரம்தான், ஆனாலும் மாதாமாதம் எண்ணெய் குறைகிறது என்றால் வார்மும் பட்டைகளும் தேய்ந்துவிட்டன. மரத்தடியில் பொறுக்கிய விதையில் மணல் கலந்திருக்கும், அது உருக்கைத் தின்னும். சல்லடையும் காந்தமும் வைக்காத மில் இந்தச் செலவைப் பருவத்துக்கு ஒரு முறையாவது கொடுக்கும். வாங்கும்போது விலைப்பட்டியலில் யாரும் சொல்லாத செலவு இதுதான்.

ஓட்டத்தை நிறுத்தும்போது உள்ளே புண்ணாக்கை விட்டுவிட்டால் இரவில் இறுகிக் கல்லாகும். காலையில் மோட்டார் திணறும், பெல்ட் எரியும். நிறுத்தும் முன் கோனைத் தளர்த்தி, ஓடோ உமியோ போட்டு உள்ளே இருப்பதைத் தள்ளிவிட வேண்டும்.

வந்த எண்ணெயை இரண்டு மூன்று நாள் தெளியவிட்டு, பில்டர் பிரஸ்ஸில் வடிகட்டலாம். அடி மண்டியை அடுத்த ஓட்டத்தில் விதையோடு கலந்து திரும்பப் போடலாம், ஒரேயடியாக அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக.

மறைந்த செலவுகள்: உணவு எண்ணெய்க்குத் தனி இயந்திரம், ஓடு உடைக்கும் இயந்திரம், விதை உலர்த்தும் களம், கோடையில் வாங்கிய விதையை ஐப்பசி மழை வரை நனையாமல் வைக்கும் கிடங்கு. கடைசியாகச் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈரம் பட்ட விதையில் பூஞ்சை வந்தால் எண்ணெயின் அளவு அப்படியே இருக்கும், புளிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். அந்தக் கடனைப் பிறகு மெத்தனாலும் அமிலமும் வாங்கித்தான் அடைக்க வேண்டும்.

சால்வென்ட்

ஹெக்சேனில் ஊறவைத்து எண்ணெயைக் கரைத்தெடுத்து, பிறகு ஹெக்சேனை ஆவியாக்கித் திரும்பப் பிடிப்பது இந்த முறை. சக்கையில் 1%தான் தங்கும். நம் கணக்கில் 687 கிலோ சக்கை, 313 கிலோ எண்ணெய். எக்ஸ்பெல்லரை விட 52 கிலோ கூடுதல்.

அந்த 52 கிலோ எதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும்? பாய்லர், ஆவி, குளிர்விப்பான், டன்னுக்குச் சில லிட்டர் ஹெக்சேன் இழப்பு, தீத்தடுப்பு மின்சாதனங்கள், வெடிபொருள் பாதுகாப்புத் துறை உரிமம், பயிற்சி பெற்ற ஆட்கள். நாளுக்கு 50 டன்னுக்கு மேல் ஆண்டு முழுதும் ஓட்டினால்தான் இதெல்லாம் கட்டுப்படியாகும். 50 டன் புங்கப் பருப்பை நாள்தோறும் கொண்டுவரும் ஊர் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? அதனால்தான் இந்த ஆலைகள் தவிட்டையும் பல வகைப் புண்ணாக்கையும் மாற்றி மாற்றி ஓட்டுகின்றன.

சிறிய அளவில் டிரம்மில் ஹெக்சேன் ஊற்றிச் செய்து பார்க்கலாமே என்ற ஆசை சிலருக்கு வரும். வேண்டாம். ஹெக்சேனின் தீப்பற்று நிலை சுழியத்துக்கும் 22 டிகிரி கீழே. காற்றில் 1 சதவீதம் சொச்சம் கலந்தாலே வெடிக்கும். அதன் ஆவி காற்றைப் போல மூன்று மடங்கு கனம் என்பதால் மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து, பத்தடி தள்ளி ஓடும் மோட்டாரின் பொறியைத் தேடிப் போகும். ஆய்வகத்தில் சாக்ஸ்லெட் கருவியில் 20 கிராம் விதையைச் சோதிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அந்தச் சோதனை அவசியமும்கூட: விதையில் உண்மையில் எத்தனை சதவீதம் எண்ணெய் என்று அதுதான் சொல்லும்.

இடைவழி ஒன்று உண்டு. எக்ஸ்பெல்லரை மட்டும் நீங்கள் வைத்துக்கொண்டு, 8% எண்ணெய் தங்கிய புண்ணாக்கைச் சால்வென்ட் ஆலைக்கு விற்கலாம். லாரிக் கணக்கில் சேர்ந்தால்தான் அவர்கள் வாங்குவார்கள். பக்கத்தில் தென்னை, வாழை, மஞ்சள் விவசாயிகள் இருந்தால் புங்கப் புண்ணாக்குக்கு உரமாகவே நல்ல விலை கிடைக்கும், அப்போது லாரி வாடகை கொடுத்து அனுப்பத் தேவையில்லை.

பாசி

பாசியின் பக்கம் இழுக்கும் எண் நிலப்பரப்பில் இருக்கிறது. தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடும் ஒரு ஹெக்டேர் ஓட்டக் குளத்தில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 15 கிராம் உலர்பாசி என்று வைத்தால் 150 கிலோ. அதில் எரிபொருளுக்கு ஆகும் எண்ணெய் 22% கிடைத்தால் நாளுக்கு 33 கிலோ. 300 நாளில் 10 டன்னை நெருங்கும். புங்க மரம் ஒரு ஹெக்டேரில் இதன் பக்கம்கூட வராது. இதுவரை சொன்னது எல்லாம் உண்மை. சிக்கல் குளத்தை விட்டு வெளியே வரும்போது தொடங்குகிறது.

குளத்தில் 1 லிட்டர் தண்ணீரில் அரை கிராம் பாசிதான் இருக்கும். 150 கிலோ பாசிக்கு நாள்தோறும் 3 லட்சம் லிட்டர் தண்ணீரை வடிக்க வேண்டும். இதை நேராக, வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிபியூஜில் விட்டால், 1,000 லிட்டருக்கு ஒரு யூனிட் என்று குறைவாகப் பிடித்தாலும் 300 யூனிட். வந்த 33 கிலோ எண்ணெயை ஜெனரேட்டரில் எரித்தால் கிடைப்பது சுமார் 110 யூனிட். அதனால் முதலில் படியவைத்து, பிறகுதான் சென்ட்ரிபியூஜ். படியவைக்கப் படிகாரம் போட்டால், லிட்டருக்கு 150 மில்லிகிராம் கணக்கில் நாளுக்கு 45 கிலோ ஆகும், அந்த அலுமினியம் சக்கையில் ஏறி அதைத் தீவனத்துக்கு ஆகாமல் செய்துவிடும். காரத்தன்மையை (பி.எச்.) 10.5-க்கு மேல் ஏற்றினால் பாசி தானாகத் திரண்டு படியும், ஆனால் தெளிந்த தண்ணீரைத் திரும்பக் குளத்தில் விடும் முன் மறுபடி சரிசெய்ய வேண்டும்.

இத்தனைக்குப் பிறகு கையில் கிடைப்பது இட்லி மாவுப் பதத்தில் ஒரு குழம்பு, அதில் திடப்பொருள் 20%. 1 கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய 5 கிலோ உலர்பாசி வேண்டும். அதற்கு 20 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். கிலோவுக்கு 3 மெகாஜூல் என்றாலே 60 மெகாஜூல். 1 கிலோ எண்ணெய் எரிந்து தருவது 37 மெகாஜூல். அடுப்பு வைத்து உலர்த்தினால் கணக்கு அங்கேயே முடிந்தது. வெயிலில் பரப்பினால் எரிபொருள் மிச்சம், ஆனால் இரண்டு நாள் வெயிலில் கொழுப்பு ஆக்சிஜனேறிக் கெடும், தூசியும் பூஞ்சையும் சேரும்.

உலர்ந்த பாசியை எக்ஸ்பெல்லரில் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். முடியாது. விதையில் எண்ணெய் பெரிய திசுக்களில், நாரின் பிடிமானத்தோடு இருக்கிறது. பாசி ஒவ்வொன்றும் சில மைக்ரான் அளவே உள்ள தனி உயிரணு, குளோரெல்லா, நானோகுளோராப்சிஸ் போன்றவற்றுக்குச் சுவரும் கெட்டி. அழுத்தினால் பட்டை இடுக்கு வழியே தூளாக வெளியே வந்துவிடும். சிறு மணிகளோடு சேர்த்து அரைத்தல், உயர் அழுத்தம், மீயொலி இவற்றில் ஒன்றால் சுவரை உடைத்துக் கரைப்பானில் எடுக்க வேண்டும். மின்சாரமும் ஹெக்சேனும் மறுபடி உள்ளே வருகின்றன.

ஆய்வுக் கட்டுரைகளில் வரும் "50% கொழுப்பு" என்ற எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். குளோரோஃபார்ம்–மெத்தனால் முறையில் அளந்தால் பச்சையமும் பாஸ்போலிப்பிடும் சேர்ந்து எடையில் ஏறும், அவை முழுதாகப் பயோடீசல் ஆகாது. தழைச்சத்தை நிறுத்திப் பட்டினி போட்டால் கொழுப்புச் சதவீதம் உண்மையிலேயே ஏறும், வளர்ச்சி நின்றுவிடும். சதவீதமும் விளைச்சலும் ஒன்றாக ஏறுவது அரிது.

உரக் கணக்கையும் பார்ப்போம். 150 கிலோ பாசியில் 6–7% தழைச்சத்து. நாளுக்கு 20 கிலோவுக்கு மேல் யூரியா, ஏறக்குறைய அரை மூட்டை. கரியமில வாயு கிலோவுக்கு 1.8 கிலோ வீதம் 270 கிலோ. கோடையில் ஒரு ஹெக்டேரிலிருந்து ஆவியாகும் தண்ணீர் நாளுக்கு 50,000 லிட்டருக்கு மேல். வேண்டாத பாசியும், பாசியைத் தின்னும் நுண்ணுயிரிகளும் புகுந்தால் இரண்டு நாளில் பச்சைக் குளம் பழுப்பாகும்.

இதே 33 கிலோ எண்ணெயை 126 கிலோ புங்கப் பருப்பிலிருந்து ஒரு சிறிய எக்ஸ்பெல்லர் சில மணி நேரத்தில் எடுத்துவிடும்.

பாசி எண்ணெய் புதிய யோசனையும் அல்ல. அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை இதற்கென்று ஒரு திட்டம் நடத்தி, செலவு கட்டுப்படியாகாது என்று கண்டு மூடியது. எக்ஸான்மொபில் 2009-ல் தொடங்கிப் பெரும் பணம் போட்டு, 2023 வாக்கில் விலகியது. உலர்த்தாமல், ஈரப் பாசியையே 300 டிகிரிக்கு மேல் கடும் அழுத்தத்தில் வேகவைத்துக் கச்சா எண்ணெய் ஆக்கும் முறை தண்ணீர்ச் சிக்கலைப் பெரும்பாலும் தாண்டுகிறது. ஆனால் வரும் எண்ணெயில் நைட்ரஜன் அதிகம், சுத்திகரிப்பு ஆலை இல்லாமல் எஞ்சினுக்குப் போகாது.

பிறகு பாசி யாருக்கு? கழிவுநீரை எப்படியும் சுத்தம் செய்தாக வேண்டிய ஆலைக்கு. அங்கே தழைச்சத்தும் தண்ணீரும் இலவசம், குளத்தின் செலவு சுத்திகரிப்புக் கணக்கில் போகும். பாசியை எண்ணெய் எடுக்காமல் அப்படியே சாண எரிவாயுக் கலனில் விடுவது இன்னும் எளிது. அடுத்து, எண்ணெயை எரிபொருளாக விற்காமல் ஒமேகா-3, பீட்டா கரோட்டின் போன்ற விலை உயர்ந்த பொருளாக விற்பவர்களுக்கு. புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் ஸ்பைருலினா வளர்ப்பது நெடுநாளாக நடக்கிறது, ஆனால் அது உணவுத் துணைப்பொருள் சந்தை. அதைப் பார்த்து ஸ்பைருலினாவில் எண்ணெய் எடுக்கக் கிளம்ப வேண்டாம். அதில் கொழுப்பே பத்து சதவீதத்துக்குள்தான்.

ஒரே பார்வையில்

| | செக்கு | எக்ஸ்பெல்லர் | சால்வென்ட் | பாசி |
|---|---|---|---|---|
| 1 கிலோ எண்ணெய்க்குக் கையாளுவது | 4.6 கிலோ பருப்பு | 3.8 கிலோ பருப்பு | 3.2 கிலோ பருப்பு | 9,000 லிட்டர் தண்ணீர் |
| ஏற்ற அளவு | பருவத்துக்குச் சில நூறு கிலோ | நாளுக்கு 1–10 டன் | நாளுக்கு 50 டன்னுக்கு மேல் | ஹெக்டேர் கணக்கில் குளம் |
| சக்கை | உரம் | உரம், அல்லது சால்வென்ட் ஆலைக்கு | எண்ணெய் நீங்கிய உரம் | சாண எரிவாயு; படிகாரம் போட்டால் தீவனம் ஆகாது |
| பெரிய ஆபத்து | சமையல் எண்ணெயில் கலப்பு | தேய்மானம், விதை கெடுதல் | வெடிப்பு | ஆற்றல் கணக்கே நட்டம் |

எடுத்த பிறகு வரும் செலவு

புங்க எண்ணெயின் பிசுபிசுப்பு டீசலைப் போலப் பத்து மடங்கு. மெதுவாக ஓடும் பழைய லிஸ்டர் வகை எஞ்சினில் சூடேற்றி ஊற்றலாம், டீசலில் 20% வரை கலந்தும் ஓட்டலாம். இன்றைய வண்டிகளின் காமன் ரயில் வகை எஞ்சினில் ஊற்றினால் இன்ஜெக்டர் கரி பிடிக்கும், ரிங் ஒட்டும். ஆகவே பயோடீசல் ஆக்க வேண்டும், அப்போது புளிப்பு கணக்குக் கேட்கும்.

சோதனை எளிது. 1 கிராம் எண்ணெயை 10 மில்லி ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கரைத்து, பினால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டு, டெசிநார்மல் (0.1 நார்மல்) காஸ்டிக் சோடா கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இளஞ்சிவப்பு நிலைக்க ஆன மில்லியை 2.82-ஆல் பெருக்கினால் புளிப்புச் சதவீதம். புங்க எண்ணெயின் கரும்பழுப்பில் சிவப்பு தெரியாது. ஆல்கஹாலை மூன்று மடங்காக்குங்கள், அல்லது பி.எச். மீட்டர் வையுங்கள்.

2 சதவீதத்துக்குள் இருந்தால் ஒரே படி: எண்ணெயின் கன அளவில் 20% மெத்தனால், எடையில் சுமார் 1% காஸ்டிக் பொட்டாஷோடு புளிப்பைச் சரிசெய்யும் அளவும் சேர்த்து, 60 டிகிரியில் ஒரு மணி நேரம். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும், சூட்டை அதற்கு மேல் விடக் கூடாது. இரவு முழுக்கத் தெளியவிட்டுக் கிளிசரினை அடியில் வடிக்க வேண்டும். 2 சதவீதத்துக்கு மேல் போனால் முதலில் 1% கந்தக அமிலத்தோடு ஒரு முறை மெத்தனால் போட்டுப் புளிப்பைக் குறைத்து, அதன்பின் மேலே சொன்ன படி. அப்படிச் செய்யாவிட்டால் தொட்டியில் பயோடீசலுக்குப் பதில் சோப்புக் கஞ்சி இருக்கும். சோப்பு தன்னோடு நல்ல எண்ணெயையும் இழுத்துக்கொண்டு போகும்.

இதில் தமிழ்நாட்டுக்கென்றே ஒரு மறைந்த செலவு உண்டு: மெத்தனால். 1959 விதிகளின்படி இங்கே மெத்தில் ஆல்கஹால் வாங்கவும் வைக்கவும் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும். 2023 மரக்காணம், 2024 கள்ளக்குறிச்சிச் சாவுகளுக்குப் பிறகு உரிமம் இல்லாத ஒரு பீப்பாய்கூடப் பெரிய வழக்காகும். இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன் இந்த உரிமத்துக்கு மனுப் போடுங்கள். வெளியே விற்க நினைத்தால் ஐ.எஸ். 15607 தரச் சோதனையும் மத்திய அரசின் 2019 விற்பனை நெறிமுறைகளும் சேரும். சொந்த பம்புசெட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் மட்டும் என்றால் சுமை குறைவு.

யாருக்கு எது

இருபது முப்பது கிலோமீட்டர் சுற்றளவில் பருவத்துக்கு 50 டன் காய் சேரும், உரம் வாங்க விவசாயிகள் உண்டு என்றால் எக்ஸ்பெல்லர். மெத்தனால் உரிமம் கிடைக்கவில்லையா, எண்ணெயை மட்டும் பிழிந்து சோப்பு, பயோடீசல் ஆலைகளுக்கு விற்றுவிடுங்கள். பருவம் முடிந்த மாதங்களில் அதே இயந்திரத்தில் வேம்பு, இலுப்பை ஓட்டலாம்.

ஏற்கெனவே ஓடும் சால்வென்ட் ஆலை வைத்திருப்பவர் புங்கப் புண்ணாக்கைக் கொள்முதல் பட்டியலில் சேர்க்கலாம். எண்ணெயின் நிறமும் கசப்பும் எரிபொருளுக்குத் தடையல்ல, ஆனால் அடுத்த சரக்கு தவிடாக இருந்தால் இடையில் முழுச் சுத்தம் தேவை.

கல்லூரிக்கு என்றால் பாசி நல்ல ஆய்வுப் பொருள், மோசமான வருமானத் திட்டம். இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் எழுதாமல் இருந்தால் சரி.

எதில் இறங்கினாலும் முதலில் 500 கிலோ விதையைக் கூலிக்கு ஓட்டிப் பாருங்கள். விதையின் எடை, ஈரம், புண்ணாக்கின் எடை, மூன்று நாள் தெளிந்த பிறகு எண்ணெயின் எடை, மண்டியின் எடை ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். விதையின் எடையிலிருந்து மற்ற மூன்றையும் கழித்த பிறகு 3 சதவீதத்துக்கு மேல் கணக்கில் வராமல் போனால் ஈரத்தைத் தவறாக அளந்திருக்கிறீர்கள், இல்லையென்றால் கூலி மில்லின் தரையடித் தொட்டியில் உங்கள் எண்ணெய் நிற்கிறது.